வியாழக்கிழமைகளில் அணைந்த கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டருக்கு வியாழக்கிழமை ஆகாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்ததால் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்து, வேலை சூடு பிடிக்கிற நேரத்தில் அதன் மூச்சு பெரிதாகும். உள்ளே இருக்கிற ஃபேன் ஊளையிடத் தொடங்கும். நான் விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன், அசைந்தால் கோபித்துக்கொள்ளும் என்பதுபோல. சிறிது நேரத்தில் திரை இருண்டுவிடும். ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு செய்தி கிடையாது. பின்கட்டுத் தகரத்தில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு பெட்டி அணைவதற்கு இவ்வளவு பயமா என்று கேட்கலாம். அந்தப் பெட்டியை நம்பித்தான் நான் தென்காசியில் இருந்தேன்.

அம்மா போன பிறகு அப்பா இந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒருநாள் சர்க்கரை இறங்கிக் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார். அடுத்த வீட்டு அக்காள் ஏதோ சத்தம் கேட்டு வந்து கதவைத் தள்ளித் திறந்ததால் பிழைத்தார். அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய் என்னோடு வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு பையை எடுத்து வைத்துவிட்டார். "அங்கன இருக்க முடியாதும்மா, மூச்சு முட்டுது" என்று ஊருக்கு வந்ததும் போனில் சொன்னார். அவருக்கு மூச்சு முட்டிய ஊரில் இருந்துகொண்டு, எந்த நேரம் போன் வருமோ என்று எனக்கு மூச்சு முட்டியது.

நான் பார்ப்பது மெடிக்கல் கோடிங். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் படித்து, எந்த நோய், என்ன சிகிச்சை என்பதற்கு உரிய எண்களைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். என் சொந்த சிஸ்டத்தில்தான் பார்க்க வேண்டும், வேலை தடைபட்டால் சென்னைக்குத் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. எங்கள் டீம் லீட் என்னைவிட வயதில் சின்னவள், நல்ல பெண். "குற்றாலம் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கப் போறீங்க, கொடுத்து வச்சவங்கக்கா" என்றாள்.

எனக்குக் கொடுத்து வைத்தது மூக்கடைப்பு. நான் வந்து சேர்ந்ததும் சீசனும் வந்து சேர்ந்தது. ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போகிறது, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தும்மிக்கொண்டிருக்கிறேன். வந்த முதல் வாரமே ஆவி பிடித்துவிட்டு நிமிர்ந்தபோது எரிச்சலில் சொன்னேன்:

"இந்தச் சாரல் எனக்கு ஒத்துக்கலப்பா. தலை காய மாட்டேங்கு, துண்டு காய மாட்டேங்கு. இப்படியே போச்சுன்னா மெட்ராஸுக்கே ஓடிருவேன்."

அப்பா, கொதித்த தண்ணீர் ஆறிவிட்டது என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தும்மலில் வந்த பேச்சு, எனக்கு மறுநாளே மறந்துவிட்டது. தலைக்குக் குளிப்பதை மட்டும் வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமையையும் விட்டால் அம்மா கனவில் வந்து திட்டுவாள்.

கம்ப்யூட்டரை வைக்க வாகான இடம் நடு அறைதான், பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது. அந்த அறைக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவே பழைய ஜன்னல் ஒன்று உண்டு. கம்பி போட்டது, மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. மேசையை அதை ஒட்டிப் போட்டேன். கம்ப்யூட்டர் பெட்டியின், அந்தக் கேபினெட்டின், முதுகிலிருந்து வருகிற சூடு வெளியேற வேண்டுமே என்று கீழ்க்கதவுகளைத் திறந்து அப்பாவின் அறைப் பக்கம் தள்ளிவிட்டேன். கேபினெட்டும் மானிட்டரும் நின்ற பிறகு அந்தக் கீழ்ப்பாதி என் கண்ணில் படவே இல்லை. அப்பா அந்தப் பக்கம் நின்று கம்பிக்குள் கையை நீட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அடுப்படி மாதிரில்லா சூடு வருது!"

"அப்படித்தான்பா வரும்."

முதல் வியாழன் அணைந்தபோது மின்சாரம் போய் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அரைமணி கழித்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல எழுந்துகொண்டது. அடுத்த வியாழன் மறுபடியும். மறுநாள் மெக்கானிக்கை வரச் சொன்னேன். அச்சன்புதூரிலிருந்து பைக்கில் நனைந்துகொண்டு வந்தார். கேபினெட்டைத் தூக்கி வெளியே வைத்துக் கழற்றினார், ரேமை எடுத்து அதன் பித்தளைப் பல்லைப் பிள்ளைகள் எழுத்தழிக்கிற ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்தார், புருசு போட்டுத் தூசி தட்டினார். நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து ஓடியது.

"சீசன் டயத்துல எல்லா சிஸ்டமும் இப்படித்தான் படுத்துதுக்கா. ஈரப்பதம். இனி வராது."

வந்தது. யுபிஎஸ்ஸை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். பிராசஸருக்கு மேலே பற்பசை போன்ற எதையோ புதிதாகத் தடவினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வெள்ளி ஓடும், சனி ஓடும், திங்கள் செவ்வாய் புதன் சமர்த்தாக ஓடும். எனக்கும் கொஞ்சம் தெம்பு வரும். புதன் சாயங்காலம் ஆகும்போதே அந்தத் தெம்பு போய்விடும்.

கடைசியில் மெக்கானிக்கிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன், வியாழக்கிழமைதான் அணைகிறது என்று. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சீசன் கூட்டம் வியாழனே ஆரம்பிச்சிருதுல்லா, லாட்ஜ் எல்லாம் ஹீட்டர் போடுதாங்க, வோல்டேஜ் அடிவாங்குதோ என்னமோ" என்று தலையைச் சொறிந்தார். அன்றிலிருந்து குற்றாலம் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற ஒவ்வொரு வேனையும் நான் மனதுக்குள் சபித்தேன். குளித்தது போதாதா, வெந்நீர் வேறு கேட்கிறதா உங்களுக்கு?

அப்பாவுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அணைந்த சத்தம் என்று ஒன்று கிடையாது, ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிடும். நான் நாற்காலியைத் தள்ளும் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வார் போல. சட்டென்று எழுந்து வந்து வாசலில் நிற்பார்.

"மறுபடியும் நின்னுட்டாம்மா?"

"ஆமாப்பா."

"ஆபீஸ்ல என்ன சொல்லுதாவ?"

"ஒண்ணும் சொல்லலப்பா. போய்ப் படுங்க."

ஒரு காலையில் பார்த்தால் கேபினெட்டின் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. துடைக்க மனம் வரவில்லை. எனக்கும் அந்த நிலைமையில் எந்தத் துணையும் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை.

ஆபீஸில் சொல்லத்தான் செய்தார்கள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ அணைந்த அன்று டீம் லீட் தனியாகக் கூப்பிட்டாள். மேலே கேட்கிறார்கள், இனி அவளால் சமாளிக்க முடியாது என்றாள். "இன்னும் ஒரு தடவை ஆச்சுன்னா மண்டே இங்க வந்துருங்கக்கா. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. எனக்கு வேற வழி தெரியல." அவள் குரலும் உடைந்துதான் இருந்தது. சம்பளம் இல்லாமல் இங்கே உட்கார முடியாது, அப்பாவின் மாத்திரையே என் சம்பளத்தில்தான் வருகிறது. அவரை விட்டுவிட்டும் போக முடியாது. அப்பா குளிக்கப் போகும்போது தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திக்கொள்வார், நான் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பேன். சத்தம் நின்றால் "எப்பா" என்று ஒரு குரல் கொடுப்பேன். நான் போய்விட்டால் அந்தக் குரலை யார் கொடுப்பது? இதைச் சொல்லி விளக்க அப்பாவிடம் போகவில்லை. சொன்னால், போய்ட்டு வா என்றுதான் சொல்வார்.

அடுத்த வியாழன் வந்தது. மலை தெரியவில்லை, எதிர்வீடே மங்கலாகத்தான் தெரிந்தது. காலை முழுவதும் நன்றாக ஓடியது. மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டேன், இறங்கவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இப்பமே ஷட்டவுன் கொடுங்க. நின்னதும் பின்னாடி கைய விட்டு வயரப் பிடுங்கிருங்க. நான் அதே சூட்டுல வந்து பாக்கேன்."

நான் மவுசைத் தொடுவதற்குள் அதுவாகவே அணைந்துவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேபினெட்டின் பின்னால் கையை விட்டேன். வயர் கைக்குச் சிக்கவில்லை. சொதசொதவென்று ஈரமாக, வெதுவெதுப்பாக ஏதோ பட்டது.

ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன். மழைத் தண்ணீர் சுவரில் இறங்கி மிஷினுக்குள் போகிறது, எல்லாம் போச்சு என்று கேபினெட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தேன். ஜன்னல் கம்பியில், அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டாக மடித்து என் டர்க்கி டவல் தொங்கிக்கொண்டிருந்தது. கேபினெட்டின் முதுகை மூடிப் போர்த்தினாற்போல. அதற்கு அப்பால் அப்பா நின்றிருந்தார், டவலின் ஓரத்தைப் பிடித்து விரலால் கசக்கிப் பார்த்துக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் சொன்னார், "இன்னும் லேசா ஈரம் இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும்."

எனக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக ஓடியது. தலைக்குக் குளித்துவிட்டுக் கையை நீட்டினால் குளியலறைக் கதவில் டவல் மொரமொரவென்று காய்ந்து தொங்கும். உள்பனியன்கூடக் காயாத சாரலில், கம்பளி மாதிரி தடித்த டவல் எப்படிக் காய்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் யோசித்ததில்லை. ரேமைச் சந்தேகப்பட்டேன், மின்சார வாரியத்தைச் சந்தேகப்பட்டேன், குளிக்க வந்த வேன்காரர்களைச் சபித்தேன்.

"எப்பா, எத்தன நாளா இங்கன காயப் போடுதிய?"

"சீசன் ஆரம்பத்துலேர்ந்து. வியாழக்கிழம துவச்சு, மத்தியானம் இங்கன போட்டாத்தான் வெள்ளிக்குக் காயுது. ஏன்?"

கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? "இதனாலதான்பா மிஷின் அணையுது! சூடு வெளிய போக வழியில்லாம அணையுது! திங்கக்கிழம என்னைய மெட்ராஸுக்கு வரச் சொல்லிட்டாங்க, தெரியுமா?" என்று கத்திவிட்டேன்.

அப்பா டவலைக் கம்பியிலிருந்து உருவினார். உருவி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தலை காயாம சளி பிடிச்சா மெட்ராஸுக்கு ஓடிருவேன்னு நீதானம்மா சொன்னே," என்றார். "போயிரக் கூடாதேன்னுதான் போட்டேன்."

போனில் மெக்கானிக் "அக்கா, அக்கா, லைன்ல இருக்கியளா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "அழாதட்டி, நான் வேணா ஒன் ஆபீஸ்ல அந்தப் பிள்ளைட்ட போன்ல பேசுதேன். என் தப்புதான்னு சொல்லுதேன்" என்றார். அதைக் கேட்டுச் சிரிப்பும் வந்துவிட்டது.

பேசியது நான்தான். சூட்டினால் வந்த கோளாறு, காற்றுப் போகும் வழி அடைபட்டிருந்தது, கண்டுபிடித்து எடுத்துவிட்டேன் என்றேன். எதனால் அடைபட்டது என்று டீம் லீட் கேட்டாள். துணி என்றேன். மேலே பேசிப் பார்க்கிறேன், அடுத்த வியாழன் வரைக்கும் பார்ப்போம் என்றாள். எனக்கு அது போதும்.

சாயங்காலம் மேசையை ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்தேன். அப்பாவின் அறைக்குள், ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு நைலான் கயிறு கட்டினேன். டவலை அதில் விரித்தேன். அப்பா கிட்டவே வரவில்லை, கதவோரம் நின்றார். "வேண்டாம்மா. மிஷினுக்கு ஏதாவது ஆயிரப் போகுது" என்றார். ஒன்றும் ஆகாது, வந்து கையை வைத்துப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்து, சூடு தன் கைக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். ஆனாலும் இருட்டும் வரைக்கும் ஜன்னல் வழியாக எட்டி எட்டி, "ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டுக் கையை நீட்டினேன். டவல் கதவில் இருந்தது. கயிறு தள்ளிப்போனதில் பாதிதான் காய்ந்திருந்தது. முடியைச் சுற்றிக் கட்டியதும் பிடரியில் சில்லென்று ஏறியது.

"காஞ்சிருக்காம்மா?" என்று வெளியிலிருந்து அப்பா கேட்டார்.

"நல்லாக் காஞ்சிருக்குப்பா" என்றேன். சொன்ன கையோடு தும்மல் வந்தது. டவலின் நுனியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, அவருக்குக் கேட்காதபடி தும்மினேன்.