கண்ணாடி சுமந்த பையனுக்கு நான் குரல் கொடுக்காத காலை

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் சிறுவர் படங்கள் போடும் ஒரு சின்னத் திரையரங்கில் காலை நேரங்களில் எனக்கு ப்ரொஜெக்டர் வேலை. இங்கே ஒரு வழக்கம் உண்டு. வேற்று நாட்டுப் படமென்றால், திரையின் அடியில் ஓடும் டேனிஷ் வரிகளை, இன்னும் வேகமாக வாசிக்கப் பழகாத பிள்ளைகளுக்காக ஒருவர் மைக்கில் வாசிப்பார். ஒருமுறை அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முகாமையாளர் கிர்ஸ்டன் என்னைப் பார்த்தார். என் டேனிஷ், பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய காலத்தில் பழகியது. “பின்னால் பார்” என்பதை மட்டும் பிழையின்றிச் சொல்வேன்.

மறுநாள் படம் பார்க்க வரவிருந்தது என் மகள் ஆரணியின் முதலாம் வகுப்பு. எதற்கும் டேனிஷிலேயே பதில் சொல்பவள், செய்தி கேட்டதும் தமிழுக்கு மாறினாள். விஷயம் பாரதூரமானது என்று விளங்கியது.

“அப்பா, நீங்க வாசிக்காதேங்கோ. எல்லாரும் சிரிப்பினம்.”

வேறு ஆளில்லை என்றேன். அவள் படுக்கப் போனாள்.

படம், யாருமே கேள்விப்பட்டிராத பழைய பிரெஞ்சுக் குறும்படம். ஒரு பையன் தன்னைவிட உயரமான நிலைக்கண்ணாடியை முதுகில் சுமந்து வீட்டுக்குப் போகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் அவன் நடக்க நடக்க, கண்ணாடிக்குள் கூரைகள் மிதக்கின்றன, மரங்கள் நீந்துகின்றன, மேகமொன்று அவனுடைய வேகத்திலேயே கூட வருகிறது.

மறுநாள் காலை, திரையில் முதல் வரி வந்தது. வாயைத் திறந்தேன். திரை வெளிச்சத்தில் ஆரணியின் தோள்கள் காதுவரை ஏறியிருப்பது தெரிந்தது. மைக்கை நிறுத்திவிட்டேன்.

கிர்ஸ்டன் திரும்பிப் பார்த்தார். அப்போது இருட்டுக்குள் ஒரு பிள்ளை, கண்ணாடி பாரமாம் என்றது. இல்லை, மேகத்துக்கு வழி சொல்கிறான் என்றது இன்னொன்று. பிறகு ஒவ்வொருவராக அவனுக்காகப் பேசத் தொடங்கினார்கள், நித்திரையில் கதைப்பதுபோல மெதுவாக.

கடைசியில் தாய் கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்கிறாள். திரையில், “ஏன் இவ்வளவு நேரம்?” என்றிருந்தது. அரங்கில் கேட்டது ஆரணியின் டேனிஷ்: “மெல்ல வை, உள்ளே வானம் நித்திரை கொள்ளுது.”

பிள்ளைகளையே பேசவிடும் இந்த முறையை எங்கே படித்தீர்கள் என்று கிர்ஸ்டன் கேட்டார். படித்தவனைப்போலத் தலையாட்டி வைத்தேன். வாசலில் ஒரு பையன், மைக்கோடு சும்மா இருந்த அந்த ஆள் யார் என்று விசாரித்தான். என்ர அப்பா, இங்கே வாசிக்கிறவர் என்றாள் ஆரணி.

பின்னேரம் என்னிடம் வந்தாள்.

“அடுத்தமுறை வாசியுங்கோ அப்பா.” சற்று யோசித்தாள். “கொஞ்சமா.”

இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம் அதுதான். இன்றைக்கும் கொஞ்சமாகத்தான் வாசிக்கிறேன்.