இறாலுக்கு ஒரு வார்டு

எண்பதுகளில் என் மனைவி கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் கீழ்மலையில், பாச்சலூர்ப் பக்கம், ஒரு மண் குட்டையில் நன்னீர் இறால் வளர்த்துக்கொண்டிருந்தேன். மலையில் இறாலா என்று சிரிக்காதவர் இல்லை. குட்டை பிழைத்தால் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை பஸ்ஸில் வருவாள், திங்கள் அதிகாலையில் போய்விடுவாள். எங்கள் குடித்தனம் அவ்வளவுதான்.

ஒருமுறை அவள் வந்தபோது சில இறால்கள் இரை எடுக்காமல் கரையோரம் சோர்ந்து கிடந்தன. சும்மா இருப்பாளா? வீட்டுக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை நிரப்பி, கைக்குச் சிக்கிய நோயாளிகளை அதில் விட்டாள். அவித்த முட்டையில் கிருமிகளைக் கொல்லும் ஆஸ்பத்திரி மாத்திரையைப் பொடித்துக் கலந்து ஊட்டினாள். லீவு போட்டு அந்த வாரம் முழுக்க என்னோடு இருந்தாள். தொட்டிப் பக்கம் நான் பீடி பிடிக்கக்கூடாது, கை கழுவாமல் எட்டிப் பார்க்கக்கூடாது. அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷம்தான்.

தொட்டியிலிருந்தவை எல்லாம் செத்தன. சிக்காமல் குட்டையிலேயே கிடந்த சீக்காளிகள் தாமாகவே தேறின.

மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் வந்து, செத்ததில் ஒன்றைக் கீறிப் பார்த்தார். சமைக்கும்போது உருவி எறிகிறோமே, அந்தக் கறுப்பு நரம்புதான் இறாலின் குடல். அதில் குடியிருக்கும் நல்ல கிருமிகள்தான் கெட்டவற்றை அண்டவிடாமல் தடுக்கின்றனவாம். மாத்திரை நல்லதையும் கொன்றதில் காலியான குடலில் நோய் சுலபமாகப் புகுந்துவிட்டது. திரும்பக் குடியேற, காய்ச்சிய தண்ணீர்த் தொட்டியில் நல்லது எதுவும் மிஞ்சவில்லை. குட்டைச் சேற்றில் அது தாராளமாக இருந்தது.

அதைக் கேட்டுவிட்டு அவள் கொடைக்கானலுக்குத் திரும்பிப் போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. குட்டை பிழைத்து என்ன, எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் காய்கறி ஜீப்பில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, மாற்று ஆள் வரும்வரை காத்திருந்தாளாம்.

"சுத்தமா வச்சுக் கொன்னுட்டேங்க," என்றாள். "இனிமே ஒங்க அழுக்கோடயே இருந்து பாக்குறேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டேன்.