மறுகா? – நிந்தவூர்ப் பயணமும் என் கெண்டைக்கால் பிடிப்பும்

கும்பகோணத்தில் பள்ளி வேன் ஓட்டுவது என் பிழைப்பு. அதற்கு முன் பல வருடம் தோஹாவில் வண்டி ஓட்டினேன், பழைய வாசகர்களுக்குத் தெரியும். சில மாதங்களாக நான் இங்கே ஒன்றும் எழுதாததற்குக் காரணம், எங்கும் போகவில்லை என்பதுதான். வேனைக்கூட நான் எடுக்கவில்லை. ஒரு நாள் காலை, வண்டி நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது, வலது கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிச் சுருண்டுகொண்டது. இடது காலால் எப்படியோ பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே ஓர் ஆக்டிங் டிரைவரைப் பிடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பிடிப்பு அதற்கு ரொம்ப முன்பே ஆரம்பித்தது. முதலில் கெண்டைக்கால், பிறகு தொடை, சில நாள் கைவிரல்கள். வந்தால் வாய்விட்டு அலறுகிற வலி. ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். இன்னொருவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மூன்றாமவர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் இல்லை, டென்ஷன் ஆகாதீர்கள்’ என்றார். டென்ஷனே அதற்கப்புறம்தான் வந்தது. கைபேசியில் தேடித் தேடி, தசையெல்லாம் கரைந்து படுக்கையில் விழுகிற நோய் இது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை.

தோஹாவில் என் அறைத்தோழன் நளீம், இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நிந்தவூர்க்காரன். ‘பெரும்போகம் வெட்டுறாங்க மச்சான், ஒருக்கா வந்து பாரு’ என்று வருடா வருடம் நெல் அறுவடைக்கு அழைப்பான். கால் நடமாடும்போதே போய்விட வேண்டும் என்று தோன்றியது. மாசி மாதத்தில் திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து காலை ஏசி பேருந்தில் கல்முனைக்குக் கிளம்பினேன். இலங்கைப் பணத்தில் இரண்டாயிரத்து எழுநூறு. ஒன்பது மணி நேரம் ஆகும். கால் நீட்ட வேண்டும் என்று நடத்துநரிடம் சைகையில் கேட்டேன். அவர் தன் இருக்கையையே கொடுத்துவிட்டுப் படியோரம் நின்றுகொண்டார். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொன்னது புரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கல்முனையில் இறங்கியதும் என்னை அசத்தியது அந்த நெடுஞ்சாலைதான். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்கும் ஊருக்கும் இடைவெளியே தெரியவில்லை. பள்ளிவாசல், துணிக்கடை, கோவில், மறுபடி பள்ளிவாசல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நளீம் இருப்பது மனைவி றிஸ்னாவின் வீட்டில். கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது இங்கே வழக்கம். எங்கள் ஊரில் வீட்டோட மாப்பிள்ளை என்றால் கேலி. ‘இஞ்ச எல்லாரும் அதுதான் மச்சான், ஆரு ஆரப் பகிடி பண்ற?’ என்றான். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் நாவிதன்வெளிக்கு அழைத்துப் போனான். கண்ணுக்கு எட்டிய வரை விளைந்த நெல். வாய்க்கால் ஓரம் கொக்குகள். வரப்பில் நூறடி நடந்திருப்பேன், இரண்டு காலும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. சேற்றில் விழுந்து அலறினேன். நளீமும் அறுவடை இயந்திரத்தில் இருந்தவரும் ஓடி வந்து தூக்கினார்கள்.

வீட்டில் றிஸ்னா கேட்டார்: ‘எத்தின நாளா அண்ணன் இந்த வருத்தம்?’

நோயை இங்கே வருத்தம் என்கிறார்கள். சரியான பெயர்தான். சொன்னேன்.

‘ரெண்டு வருசமா! இவருக்கிட்ட ஒரு சொல்லுக் கதைக்கல்லியா? பின்னேரம் கல்முனைக்கிப் போறம். நானும் வாறன்.’

கல்முனையில் அவர்கள் கூட்டிப்போன டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மாலையில் தனியாக நோயாளிகளைப் பார்க்கிறார். வரிசை நீளமாக இருந்தது. ஒவ்வொருவரும் உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வருவதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று உள்ளே போனதும் தெரிந்துவிட்டது.

‘செல்லுங்க, என்ன நடந்த?’ என்றார். சொல்லுங்க என்பது இங்கே செல்லுங்க. பேனாவைத் தொடவில்லை.

கெண்டைக்காலில் ஆரம்பித்துத் தொடைக்கு ஏறியது, கைக்கு வந்தது என்று வழக்கமாக ஒப்பிப்பதைச் சொல்லி முடித்தேன்.

‘மறுகா?’

மறுபடி சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். காது கொஞ்சம் மந்தமோ என்று குரலை உயர்த்தி முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

‘ஓம். மறுகா?’

சரிதான், நான் சொல்வது போதவில்லை போலிருக்கிறது. மூன்றாவது தடவை ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுவது என்று, அந்த வேன் நாளையே காலையிலிருந்து ஆரம்பித்தேன். எழுந்தேன், பல் தேய்த்தேன், கேஸ் மாத்திரை போட்டேன், காபி குடித்தேன், வண்டியைத் துடைத்தேன்…

‘நில்லுங்க. என்ன குளிசை?’

‘அது மருந்து இல்லீங்க டாக்டர். வயித்துக்கு, சும்மா கேஸ் மாத்திரை.’

‘ஒவ்வொரு நாளுமா?’

‘தோஹா கேன்டீன் சாப்பாட்டுக்கு ஆரம்பிச்சது. ஏழு வருஷம் இருக்கும்.’

பக்கத்தில் நளீமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ‘மச்சான், மறுகா எண்டா பொறகு எண்டு அர்த்தம். டொக்டர் பொறகு என்ன நடந்தெண்டு கேக்காங்க. நீ பாங்கு சொல்ற மாதிரி திருப்பித் திருப்பிச் செல்றாய்!’

றிஸ்னா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பிடிப்பைப் பற்றிப் பேசும்போது நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இதற்கு முன் பார்த்த மூன்று பேரும் ‘வேறு மருந்து எடுக்கிறீர்களா’ என்று கேட்டவர்கள்தான். இல்லை என்று மூன்று பேரிடமும் சத்தியமாகவே சொன்னேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுவதுதானே மருந்து? கடையில் மிட்டாய் மாதிரி கேட்டு வாங்குவது எப்படி மருந்தாகும்?

‘இந்தக் குளிசையை வருசக் கணக்கில போட்டா, சில ஆக்களுக்கு ரத்தத்தில மக்னீசியம் குறையும். குறைஞ்சா இப்பிடிப் பிடிக்கும். ஒங்களுக்கும் அதுதான் எண்டு இப்ப செல்ல ஏலா. ரத்தம் பாப்பம்’ என்றார் டாக்டர்.

கைபேசியில் படித்த அந்த நோயின் பெயரை அப்போதுதான் வெளியே சொன்னேன். அவர் உடனே மறுக்கவில்லை. எழுந்து வந்து கை கால்களைத் தட்டிப் பார்த்தார், தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார். ‘அதுக்குரிய அடையாளம் ஒண்டும் இல்ல. பயப்படாதீங்க’ என்றார். இத்தனை வருடத்தில் என் காலைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர். கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

ரத்தம் எடுத்தவர்கள், முடிவு வர மறுநாள் மாலை ஆகும் என்றார்கள். பொழுதைப் போக்க நளீம் என்னை அக்கரைப்பற்றுச் சந்தைக்குக் கூட்டிப்போனான். எருமைத் தயிர்ச் சட்டிகள், நெல் மூட்டை லாரிகள், காது கிழிகிற இரைச்சல். எதுவும் எனக்குள் இறங்கவில்லை. மாலையில் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, ‘குறைவாத்தான் இரிக்கி, நல்லாக் குறைவு’ என்றார். உடம்பில் ஒன்று குறைகிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். றிஸ்னா ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றார். டாக்டர் மக்னீசியம் எழுதிக் கொடுத்தார், பழைய மாத்திரைக்குப் பதில் என்ன என்றும் சொன்னார். ஊருக்குப் போனதும் அங்குள்ள டாக்டரிடம் காட்டி, மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும், மாசி நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். கொழும்புப் பேருந்தில் முன் இருக்கை கேளுங்கள். உடம்புக்கு முடியாமல் டாக்டரிடம் போனால், வாயில் போடுகிற எல்லாவற்றையும் சொல்லுங்கள், மிட்டாய் மாதிரி வாங்குவதையும் சேர்த்து. என் கதையைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பிடிப்புக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

ஊரில் மறுபடி ரத்தம் பார்த்தாயிற்று, அளவு ஏறிவிட்டது. பிடிப்பு வராமல் பல வாரம் ஆன பிறகு, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, போன திங்கட்கிழமை வேனை நானே எடுத்தேன். வலது காலை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பின்னாலிருந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று, தன் வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தது. முடித்ததும் என் வாயில் தானாகவே வந்தது:

‘மறுகா?’

‘காது கேக்கலியா அங்கிள்?’ என்று கேட்டுவிட்டு, குழந்தை முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் திருத்தவில்லை. இந்தத் தடவை குட்டிகளுக்குப் பெயர்களும் இருந்தன.