மஞ்சள் காட்டுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

அப்பாவின் கண் மஞ்சளாகிவிட்டது என்று அம்மா போனில் சொன்னபோது, பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"மஞ்சக்காமாலைதான் கண்ணு. கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுத்துட்டிருக்கறேன். உப்பில்லாச் சோறு. நீ பயந்துக்காத" என்றாள்.

நானும் பயப்படவில்லை. எங்கள் பக்கம் கண் மஞ்சளானால் அதற்கு ஒரு பெயர்தான், ஒரு மருந்துதான். குடும்பத்தில் முதலில் கல்லூரி வரை படித்தவன் நான் என்றாலும், எனக்கும் சின்ன வயதில் அதே கீழாநெல்லியைத்தான் கொடுத்தார்கள். குணமாகியும் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மஞ்சள் காட்டில் தண்ணீர் பாய்ச்சுவதும் களை பார்ப்பதும்தான் அவர் வேலை. காடு வேறொருவருடையது.

"மஞ்சக் காட்டுக்காரனுக்குக் கண்ணு வேற எப்படி இருக்கும்? செவசெவன்னா இருக்கும்?" என்று சிரித்தார்.

அம்மா விடவில்லை. "செவசெவன்னுதானுங்க இருந்துச்சு மொதல்ல. அப்பறம்தான் மஞ்சளாச்சு."

எழுந்து வாசலுக்கு வரச் சொன்னேன். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சில நாளாக அடிக்கும் காய்ச்சலைவிட அந்த வலிதான் கொல்கிறது என்றார். முந்தின நாளிலிருந்து ஒன்றுக்குக்கூடச் சரியாகப் போகவில்லை என்று அம்மா தணிந்த குரலில் சொன்னாள். அதைக் கேட்டதும் ஆட்டோவுக்குப் போன் செய்தேன்.

பெருந்துறை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். பிறகு காலைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தார். பித்தவெடிப்பு பாளம் பாளமாக இருந்தது.

"என்ன வேலைங்க செய்யறீங்க?"

"மஞ்சக் காட்டுலீங்க."

"தண்ணியில நின்னீங்களா?"

நிற்காமல் எப்படி? ஐப்பசி மழை அடித்து ஊற்றியிருந்தது. மஞ்சளின் வேரில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். விடிந்ததும் போய் வாய்க்காலை வெட்டிவிட்டு, பொழுது சாய்கிற வரைக்கும் சேற்றிலேயே நின்றிருக்கிறார். பக்கத்துக் காட்டில் அப்போதுதான் கரும்பு வெட்டியிருந்தார்கள். அங்கிருந்த எலிகளெல்லாம் இந்த வரப்புக்குக் குடி வந்துவிட்டதை அவரே பார்த்திருக்கிறார்.

"எலிக்காய்ச்சல் மாதிரி இருக்குதுங்க. ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்" என்றார் டாக்டரம்மா.

"எலி என்னைக் கடிக்கவே இல்லீங்களே" என்றார் அப்பா, ஏதோ பழி போட்டதுபோல.

"கடிக்க வேண்டாமுங்க. அது மூத்திரம் போன தண்ணியில வெடிச்ச காலோட நின்னாப் போதும்."

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. சிறுநீரகம் தாங்கினால் பிழைத்துக்கொள்வார் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். தீவிர சிகிச்சை அறைக்குள் பார்க்கப் போனபோது, வாசலில் நர்ஸ் மறித்தார். "ஏனுங்க, ரோட்டுச் செருப்போடயா உள்ள வருவீங்க? அங்க கழட்டிப்போட்டு இதைப் போட்டுக்கங்க." உள்ளே மட்டும் நடக்கிற நீல ரப்பர் செருப்புகள் ஒரு பலகையில் வரிசையாக இருந்தன. டாக்டரம்மாவும் அதைத்தான் போட்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எலியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அதைப் பகையாக நினைத்ததே இல்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓடும். அரிசி மூட்டையைக் கடிக்கும். திட்டிவிட்டுச் சாக்கைத் தைப்போம். பாம்புக்குத்தான் பயம். கடிப்பது தெரியும், பல் பதிந்த இடம் தெரியும். இது எதுவும் தெரியாமல் தண்ணீரோடு தண்ணீராக ஏறியிருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த நோயின் நிறத்திலேயே வந்து நின்றிருக்கிறது. அவளிடம் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை.

ஊசிக்கும் மருந்துக்கும் காய்ச்சல் கேட்டது. சிறுநீர் பிரியத் தொடங்கிய அன்று அம்மா கட்டிலோரம் குழாயில் தொங்கிய பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாரியம்மனைக் கும்பிடுவதுபோலக் கும்பிட்டாள்.

அப்பா வீடு திரும்பியதும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அவர் தொடக்கூட இல்லை.

"மஞ்சக் காட்டுக்குள்ள செருப்புக்காலோட போறதா? என்ற அப்பன் போனதில்ல, நானும் போனதில்ல. காட்டுக்காரரே வரப்புல கழட்டிப்போட்டுத்தான் எறங்குவாரு."

"கிருமிக்கு அதெல்லாம் தெரியாதுங்கப்பா."

"எனக்குத் தெரியுமல்லோ."

படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வெடிப்பு, கிருமி, சிறுநீரகம், மறுபடி வந்தால் என்ன ஆகும் என்பது வரை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நோய் புரியாமல் அவர் மறுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உயிரைக் காட்டி மிரட்டுவதைத் தவிர என்னிடம் வேறு பேச்சு இல்லை. அவரோ உயிரைப் பற்றியே பேசவில்லை. பூட்ஸ் சுவரோரமாகவே கிடந்தது.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, ஒருநாள் காலையில் அவரே அதைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதைப் போட்டுட்டு நீ ரோட்டுல நடந்தயா?"

"இல்லீங்கப்பா. கடையிலிருந்து பையில போட்டுக் கொண்டாந்தேன்."

"அந்த ஆஸ்பத்திரியில உள்ளுக்குன்னு வேற வெச்சிருந்தாங்கல்லோ. டாக்டரம்மாளே ரோட்டுச் செருப்பை வெளிய உட்டுப்போட்டுத்தான் வந்துச்சு." சற்று யோசித்தார். "இது காட்டுலயே இருக்கட்டும். ஊட்டுக்கும் வரக்கூடாது, ரோட்டுக்கும் போகக்கூடாது."

அம்மா பூட்ஸைக் கழுவி, இரண்டு மூக்கிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். "மாப்பிள்ளை மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தாள். அப்பா அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டில் நடந்தார். வரப்பில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, மெதுவாகக் காட்டில் இறங்கினார். முதல் அடி வைக்கும்போது குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இப்போது வேலை முடிந்ததும் மோட்டார் ரூம் ஆணியில் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டு வருகிறார். நிமிர்த்தி வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"எலி உள்ள போய்க் குட்டி போட்டுரும் சாமி" என்றார்.