பாடும் ஏரியும் ஒரு புலமைப்பரிசில் நேர்முகமும்

இந்த வருடம் பெப்ரவரி நடுவில், ஒரு வியாழக்கிழமை, நானும் மகள் ஆரணியும் ரொறன்ரோவின் கிழக்கு ஓரம், ரூஜில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அமெரிக்க எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரிக்குக் காரில் போனோம். அவள் பன்னிரண்டாம் வகுப்பு. பௌதிகமும் வேண்டும், சங்கீதமும் வேண்டும், இரண்டில் எதையும் விடமாட்டேன் என்று நிற்பவள். இரண்டையும் சமமாகப் படிக்க விடும் இடம் என்று அவளாகவே தேடிப் பிடித்த கல்லூரி அது. அதன் வருடக் கட்டணம் எனக்கும் கணவருக்கும் எட்டாத தொகை. திறமைக்கான புலமைப்பரிசில் கிடைத்தால்தான் போகலாம். அதற்கான நேர்முகத்துக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கணினி வழியாகவும் பேசலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"நாலு வருசம் இருக்கப்போற பிளேஸ் அம்மா. பாக்காம எப்பிடி?" என்றாள். நான் இரண்டு நாள் லீவு போட்டேன்.

நான் ஸ்காபரோவில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரே பாதை, ஒரே தரிப்புகள். தெரியாத ஊருக்கு ஓடி வெகுகாலம். அதனாலோ என்னவோ, காலை பதினொரு மணிக்கு 401 நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பியதும் மனம் லேசாகிவிட்டது. வலது பக்கம் ஒன்ராறியோ ஏரி எட்டிப் பார்ப்பதும் மறைவதுமாக வந்தது. கிங்ஸ்டனுக்கு முன்னால் ஓர் இளைப்பாறு நிலையத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டோம். வீட்டிலிருந்து எல்லைப் பாலம் ஏறத்தாழ 270 கிலோமீற்றர். பாலத்தின் உச்சியிலிருந்து பார்த்தபோது, உறைந்த ஆற்றில் சின்னச் சின்னத் தீவுகள் வெள்ளைத் துணியில் ஊசியிலை மரங்களைக் குத்தி வைத்ததுபோலக் கிடந்தன. கொஞ்ச நேரம் காற்றிலேயே போவதுபோல இருந்தது.

எல்லை அதிகாரி கடவுச்சீட்டுகளையும் கல்லூரியின் அழைப்பையும் பார்த்துவிட்டு, என்ன படிக்கப் போகிறாய் என்று ஆரணியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "சத்தம்," என்றாள். அவர் இன்னொரு முறை கேட்டார். அவளும் அதையே சொன்னாள். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அங்கிருந்து இன்னும் 60 மைல். இரவு தங்கிய மோட்டல் வரியுடன் 118 அமெரிக்க டொலர். நேர்முகத்துக்கு ஆயத்தமாக்கிய பதில்களை ஆரணி படுக்கையில் இருந்தபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். தலைமைத்துவம், தொண்டு வேலை, எதிர்காலக் குறிக்கோள் என்று எல்லாம் இருந்தன.

வெள்ளி காலை நேர்முகம் பத்தரைக்கு. எட்டு மணிக்கே புறப்பட்டோம். வழி ஓர் ஏரியை ஒட்டிப் போனது. பனிமூட்டம் தரையோடு படுத்திருக்க, அதன் மேலே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கார் பழுதாகிவிட்டது என்று பயந்து கரையில் நிறுத்தினேன். கார் அணைந்த பிறகும் சத்தம் வந்தது.

ஒரு கரையில் நீளமான கம்பியை யாரோ சுண்டிவிட, அது ஏரி முழுக்க ஓடி மறுகரையில் போய் அடங்கியதுபோல. பிறகு ஓர் ஆழமான முனகல். பிறகு மெல்லிய விசில்.

மூட்டத்துக்குள் ஒருவர் கவிழ்த்த வாளிமேல் குந்தியிருந்து, பனியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் விழித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "பயப்படாதீர்கள், ஐஸ்தான் பாடுகிறது. வெயில் பட்டால் இப்படித்தான்," என்று ஆங்கிலத்தில் சத்தம்போட்டுச் சொன்னார்.

ஆரணி கரையில் முழந்தாளிட்டு, தொப்பியைக் கழற்றி, காதைப் பனியில் வைத்துவிட்டாள்.

"பிள்ளை, காது விறைச்சுப்போகும். எழும்பு. நேரம் போகுது!"

"அம்மா, பிளீஸ், ஒருக்கா நீங்களும் வையுங்கோ."

வைத்தேன். குளிர் சுட்டது. அடியில் ஏதோ பெரிய உயிர் திரும்பிப் படுப்பதுபோல ஒரு சத்தம் என் பல்லுக்குள் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, நேர்முகத்துக்குப் பத்து நிமிடம் இருக்கத்தான் கல்லூரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளுடைய காற்சட்டையின் முழங்கால் நனைந்திருந்தது.

என்னை நூலகத்தில் இருக்கச் சொன்னார்கள். பெரிய சன்னல், வெளியே பனி, உள்ளே மெத்தைக் கதிரை. ஒரு மாணவன் தரையில் படுத்துக்கொண்டு வாசித்தான், யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. விடியப் பேருந்து எடுத்துப் பழகிய உடம்பு, அப்படியே தூங்கிவிட்டேன். கனவில் என் பேருந்து ஏரிக்கு மேலே ஓடியது. தரிப்பே இல்லை.

"அம்மா." ஆரணி தோளைத் தொட்டாள். முகம் வெளிறியிருந்தது. "நான் எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டன்."

"என்ன நடந்தது?"

"மூண்டு பேர் இருந்தவை. முழங்கால் ஏன் நனைஞ்சிருக்கெண்டு ஒராள் கேட்டவா. அவ்வளவுதான். ஐஸைப் பற்றித்தான் ஃபுல்லா கதைச்சன். சத்தம் எப்பிடி இருந்ததெண்டு மியூசிக் புரொபெசர் கேட்டார். பாடிக் காட்டிப்போட்டன். லீடர்ஷிப், வொலன்டியரிங், ஒண்டும் சொல்லேல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பும் வழியில் கிங்ஸ்டன் வரை அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. இடம் கிடைத்தது. புலமைப்பரிசில் பாதிக் கட்டணத்துக்கு மட்டும். "உங்களால் ஏரியைப் பற்றி நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம்," என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆனால் மற்றப் பாதி எங்களால் ஏலாது. "ரொறன்ரோவிலயே படிக்கட்டும், இஞ்சயும் நல்ல இடந்தானே," என்றார் கணவர். அவர் சொன்னதில் பிழையில்லை.

ஆரணி அன்று அழுதாள். மறுநாள் என்னிடம் வந்தாள். "கேட்டுப் பாக்கிறன் அம்மா. கேட்டா என்ன குறையும்?" பள்ளியின் புதிய பரீட்சைப் புள்ளிகளையும் ரொறன்ரோப் பல்கலைக்கழகம் ஒன்று தருவதாகச் சொன்ன உதவியையும் இணைத்து, வர விரும்புகிறேன், இந்தத் தொகையில் முடியவில்லை என்று நேராக எழுதினாள். இரண்டு வாரம் கழித்துத் தொகையைக் கூட்டினார்கள். வளாகத்தில் ஒரு பகுதிநேர வேலையும் தந்தார்கள். மிச்சம் எங்களால் தாங்கக்கூடியது.

உங்கள் பிள்ளையும் இப்படி யோசித்தால் என் அனுபவத்தில் சிலது சொல்கிறேன். பெயர்பெற்ற சின்னக் கல்லூரிகளில் பல, திறமைக்கென்று பணமே தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகின்றன. விண்ணப்பிக்க முன்னம் இதைப் பாருங்கள். கனடாப் பிள்ளைகளை அங்கே வெளிநாட்டு மாணவராகக் கணக்கெடுப்பார்கள், விதிகள் வேறாக இருக்கலாம். முதலில் வரும் தொகை கடைசித் தொகை என்று நினைக்க வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள். தாயோ தகப்பனோ தனியாகக் கூட்டிப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பயணக் காப்புறுதியும் வேண்டும். குளிர்காலத்தில் எல்லையைப் பகலில் தாண்டுங்கள். முடிந்தால் பிள்ளையோடு நேரில் போங்கள். எங்கள் வீட்டில் அவள் என்னவாக இருந்தாள் என்று தெரியும். அந்தக் கரையில்தான் அவள் வெளியுலகில் என்னவாக இருப்பாள் என்று கண்டேன்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் இடத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆரணி விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தாள்.

"என்ன பிள்ளை, பயமே?"

"கொஞ்சம். உங்களுக்கு?"

"நிறைய."

"அப்ப ஓமோ, இல்லையோ?"

தலையை ஆட்டினேன்.

"வாயால சொல்லுங்கோ, அம்மா."

"ஓம்," என்றேன். அழுத்தினாள்.