அம்மா இழுத்துவந்த நங்கூரம்

களனி கங்கை கடலில் கொண்டுவந்து கொட்டிய கறுப்புச் சேற்றுக்குக் கூழ்முட்டை நாற்றம். நங்கூரத்தோடு அது மேலே வரும் நாட்களில் எங்களில் யாராவது எதிர்த்துப் பேசியிருந்தால், அப்பா அதை வழித்து எங்கள் வாயில் அப்புவார்.

வெள்ளவத்தையில் இருந்தவரை எங்கள் "நாலுகொக்கி" நங்கூரம் கடலடிப் பாறையில் கொளுவிக்கொண்டு படகை அசையவிடாது. கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறி, முகத்துவாரத்தில் படகைக் கட்டத் தொடங்கியபின் அதற்குக் கொளுவ ஒன்றுமில்லை. கஞ்சிபோன்ற சேற்றைக் கீறிக்கொண்டே போகும். சேற்றுக்குள் புதைந்து நிற்கும் அகன்ற தகட்டு நங்கூரம்தான் அங்கே சரிவரும் என்று அம்மாவின் தம்பி ஒன்றை வாங்கி வந்தார். "பொம்பிளை தந்த வீட்டார் எனக்குக் கடல் படிப்பிக்க வேண்டாம்" என்ற அப்பா அதை முற்றத்தில் போட்டு, கால்துடைக்கும் சாக்கை அதன்மேல்தான் காயப்போட வேண்டும் என்று அம்மாவுக்குக் கட்டளையிட்டார். போகும்போதும் வரும்போதும் தான் பார்த்துச் சிரிப்பதற்காகவே அப்படிச் செய்தார்.

படகின் எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ஒரு காலை, மழைக்காற்று தொடங்கியிருந்தது. படகில் காவல் இருக்க அப்பா சொன்னபோது அண்ணா மெதுவாகச் சொன்னான்: "நேற்றும் இழுபட்டதுதானே அப்பா. மாமா தந்ததைப் போடுவம்."

கரையில் நின்றவர்கள் முன்னால் அப்பா அவன் வாயில் சேற்றை அப்பினார். "இப்ப கதை பாப்பம்" என்றார். சிரித்தவர்களும் இருந்தார்கள். அப்போதுதான் மீசை அரும்பியிருந்த அண்ணா வாயைக் கழுவாமலே படகுக்குப் போனான்.

மத்தியானம் காற்று ஏறியது. கயிறு விறைத்து நிற்க, படகு பின்னால் அலைதடுப்புக் கற்களை நோக்கி நகர்வதை நான் கரையில் நின்று பார்த்தேன். அண்ணா குதித்து நீந்தியிருக்கலாம். படகை விட்டுவிட்டு அப்பாவின் முன்னால் வந்து நிற்கப் பயந்தான். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அம்மா அந்தத் தகட்டு நங்கூரத்தை, சாக்கு இன்னும் அதில் சுற்றிக்கிடக்க, தெருவழியே இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள், படகைக் கல்லில் மோதவிடாமல் தள்ளப்போன அண்ணா கல்லுக்கும் படகுக்கும் நடுவே நசுங்கிவிட்டிருந்தான்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒன்றையே சொன்னார்: "நங்கூரத்தில பிழையில்ல. பெடியன் கயிறை நீட்டி விடேல்ல."

இப்போது அந்தக் கரையை மண்போட்டு நிரப்பிவிட்டார்கள். சேறும் இல்லை, நாற்றமும் இல்லை. அம்மாவும் இல்லை. மறதி முற்றிய அப்பா வெள்ளவத்தையில் என் பிளாட்டில் படுத்துக்கிடக்கிறார். பின்னேரக் காற்று யன்னலை அடித்தால் மட்டும் கேட்பார்: "பிள்ளை, நங்கூரம் பிடிச்சதோ?"

பிடித்தது என்று சொல்லிவிடும்படி அவரைப் பார்க்க வரும் நர்ஸ் சொல்கிறாள். எனக்கு விருப்பமில்லை.

"இல்லையப்பா, இழுபட்டிட்டுது. அண்ணா செத்திட்டான்" என்கிறேன்.

முதன்முதலாகக் கேட்பவரைப்போல அவர் அழுகிறார். அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருந்து பார்க்கிறேன். பிறகு வாயைத் துடைத்துவிட்டுக் கஞ்சி பருக்குகிறேன்.