உள்ளிருந்து தள்ளிய காகிதம்

இடது கை பேட்டரிக்குப் பின்னால் முழங்கை வரை போயிருக்கிறது. வலது கை பானெட்டின் விளிம்பில் சும்மா கிடக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. உள்ளே போன விரல்கள் மட்டும் ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே நகர்கின்றன. வழவழப்பு, வழவழப்பு, திடீரென்று ஒரு தடிப்பு. அங்கே நின்று, நகத்தால் கீறிப் பார்த்து, "இது நான் கட்டினது. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கையை உருவிக்கொள்கிறார் எலியக்கா. முழங்கையில் கிரீஸ். முகத்தில் திருப்தி இல்லை. தான் கட்டியது நன்றாக இருக்கும்போது வண்டி ஏன் கிளம்பவில்லை என்ற கேள்வி புருவத்தில் அப்படியே நிற்கிறது.

பிறகுதான் டார்ச்சை எடுக்கிறார். முதலில் முகர வேண்டும், அப்புறம் தொட வேண்டும், கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் வரிசை. வெளிச்சம் அடித்தால் கண் முதலில் கிடைத்த கடியோடு நின்றுவிடுமாம். மூக்கு அப்படி ஏமாறாதாம். எலி தங்கிய இடத்தில் நனைந்த சாக்கை மடித்து வைத்தது போல ஒரு வாடை இருக்கும். வந்து போன இடத்தில் அது இருக்காது. "விருந்தாளி வந்த வீட்டுக்கும் குடும்பம் நடத்துற வீட்டுக்கும் வாசத்துல வித்தியாசம் இல்லையா?" என்று கேட்பார்.

நிறுத்தி வைத்த வண்டிகளில் எலி கடித்த வயர்களைச் சரி செய்வதும், மறுபடி கடிக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் அவர் தொழில். எலியக்கா என்றால் சுற்றியுள்ள அடுக்குமாடிகளின் காவலாளிகள் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்களே ஒரு நொடி யோசிப்பார்கள். அந்தப் பட்டத்தில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அவர் கணவருக்குத்தான். வீட்டில் ஒரு சுண்டெலி ஓடினால்கூடக் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு, "உன் ஆளு வந்திருக்கு பாரு" என்று மனைவியைக் கூப்பிடுகிறவர் அவர்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எலியக்கா ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வண்டிகளுக்கு வேண்டிய வயர்களைக் கற்றையாகக் கட்டித் தரும் இடம். பெரிய பலகையில் ஆணி அடித்திருக்கும். சிவப்பு இந்த ஆணியைச் சுற்றிப் போக வேண்டும், பச்சை அந்த ஆணியில் திரும்ப வேண்டும். ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டே கட்டினார். அந்த வயர் வண்டிக்குள் போய் என்ன செய்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் எலி குதறிய ஒரு கற்றையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், கண்ணை மூடினால் பலகையும் ஆணியும் அப்படியே தெரிகின்றன என்பது அவருக்குத் தெரிந்தது. மிச்சத்தை ஒவ்வொரு வண்டியாகக் கேட்டும் கெடுத்தும் தானே கற்றுக்கொண்டார்.

அறுந்த வயர்களை ஒட்டும்போது இரண்டு ஒட்டு பக்கத்துப் பக்கத்தில் வர விடமாட்டார். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று இன்னும் கீழே. அப்போதுதான் கற்றை ஒரே இடத்தில் பாம்பு இரை விழுங்கியது மாதிரி புடைக்காது. ஈயம் வைத்து, பிளாஸ்டிக் குழாய் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கி, அதன்மேல் டேப் சுற்றி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். விரல் தடுக்கினால் அவிழ்த்து மறுபடி சுற்றுவார்.

அவருடைய பையில் ஓர் எவர்சில்வர் டப்பா உண்டு. திருகாணி, கிளிப், பித்தளை முனைகள் எல்லாம் அதில்தான். மூடி அவ்வளவு இறுக்கம். மூடும்போது டப்பென்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திறந்து மறுபடி மூடுவார். கணவர் ஒருமுறை மிக்சர் வைக்க அதைக் கேட்டதற்கு, "என்னை வேணா எடுத்துக்கோங்க, டப்பாவைத் தர மாட்டேன்" என்றாராம்.

எலியை அவர் எலி என்று சொல்வதில்லை. மருமகன் என்பார். சொல்லாமல் வருகிறான், இருக்கிறதைத் தின்கிறான், ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போகிறான் என்பது காரணம். இந்தப் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரை. ஒரு நாள் மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இவர் போனில், "மருமகன் உள்ளயே படுத்துக் கெடக்கான். வாலைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டாத்தான் சரிப்படும்" என்று யாருக்கோ சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அன்றைக்குச் சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தார். சமாதானம் செய்ய மகள் பட்ட பாடு பெரிய கதை. இப்போது வீட்டில் பேசும்போது மட்டும் எலியைத் "தம்பி" என்கிறார். வெளியே வந்தால் பழையபடி மருமகன்தான்.

எலியை விரட்ட ஊரில் சொல்லும் வைத்தியங்கள் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. புகையிலையைக் கட்டித் தொங்கவிட்டால், ரெண்டு நாள் மோந்து பார்த்துவிட்டு மூணாம் நாள் அதையே மெத்தையாகப் போட்டுக்கொள்ளும் என்பார். பானெட்டுக்குள் மாட்டும் கூவும் மின்கருவியைப் பற்றிக் கேட்டால், "அது பாட்டுக்கு ஊதும், இவன் பாட்டுக்குத் தூங்குவான்." விஷம் வைக்கவே விடமாட்டார். தின்றது எங்கே போய்ச் செத்தது என்று தேடி முழு வண்டியையும் பிரித்த அனுபவம் அவருக்கு உண்டு. அவர் நம்புவது மூன்றைத்தான்: கம்பி வலை, சுத்தம், ஒரு கசங்கிய செய்தித்தாள்.

செய்தித்தாள்தான் அவருடைய தனி முறை. வண்டிக்குள் காற்று போகும் வழியில் எலி நுழைகிறது என்று தெரிந்தால், மற்றவர்கள் உடனே வலையை வைத்து முடுக்கிவிடுவார்கள். இவர் அந்தத் துவாரத்தில் காகிதத்தைத் திரித்து அடைத்து, மேலே வலையைத் தற்காலிகமாக மாட்டிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் வந்து பார்ப்பார். காகிதம் வைத்தபடி இருந்தால் உள்ளே யாருமில்லை. வலையோடு ஒட்டி நசுங்கியிருந்தால் யாரோ உள்ளிருந்து வெளியே வரப் பார்த்திருக்கிறார்கள். ஆளை வெளியேற்றிய பிறகுதான் வலையை முடுக்குவார். இந்த ஓர் இரவை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

விட்டுக்கொடுத்த ஒரே வண்டி இப்போது அவர் முன்னால் நிற்கும் இந்தச் சிறிய பச்சை வண்டி.

வண்டிக்காரி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். விடிகாலை வேலை. எலி கடித்து வண்டி நின்ற இரண்டு முறையும் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கியிருக்கிறார். இன்னொரு முறை தாமதமானால் ஊருக்கு வெளியே இருக்கும் கிளைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் எலியக்கா வந்தபோது, "அக்கா, காலையில வண்டி வேணும், ஒரு ராத்திரி எல்லாம் விட முடியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று இருந்தது. எலியக்கா வயரைக் கட்டி, காகிதம் வைக்காமலே வலையை முடுக்கிவிட்டுப் போனார். ஒரு வாரம் ஓடிய வண்டி நேற்று மறுபடி படுத்துவிட்டது. இரண்டு பஸ் மாறி, கடைசி நிமிடத்தில் போய் நின்றிருக்கிறார் நர்ஸ்.

"இதோட சரிக்கா. தங்கச்சி வீட்டுக்காரர் வாங்க ஆள் பார்த்துட்டார். இன்னொரு தடவை கடிச்சா வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிடுவேன்" என்றார் நர்ஸ். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். பக்கத்தில் நின்ற அவர் கணவர் கைக்குட்டையை எடுத்து வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. எலியக்கா அதைக் கவனித்தார்.

எஞ்சின் பக்கம் புதுக் கடி எதுவுமில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்தபோதுதான் தெரிந்தது. சாவி போடும் இடத்துக்குப் போகும் வயர் துண்டு துண்டாகக் கிடந்தது. கடி வண்டிக்குள்ளே. எலியக்கா முகர்ந்தார். நனைந்த சாக்கு வாடை. பிறகு எழுந்து, வலையைக் கழற்றி, காகிதத்தைத் திரித்து அடைத்து, வலையை மாட்டி, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் காலை காகிதம் வலையில் அப்பிக் கிடந்தது. வலையின் கட்டங்கள் அதில் அச்சாகப் பதிந்திருந்தன.

"தப்பு என்னோடதும்மா" என்றார் நர்ஸிடம். "மருமகன் உள்ள இருக்கும்போதே கதவைச் சாத்திட்டேன். வெளிய போக வழி தெரியாம உள்ள இருக்கிறதைக் கடிச்சிருக்கான். பல்லு வளந்துக்கிட்டே இருக்கும் அவனுக்கு, எதையாச்சும் கடிச்சுத்தான் ஆகணும்." நர்ஸ் மணியைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்று வண்டிக்குள் வைத்த எலிப்பொறியில் எலியக்கா தேங்காய்ச் சில்லு வைக்கவில்லை, வடை வைக்கவில்லை. ஒரு சின்ன மூடியில் தண்ணீர் வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸின் கணவருக்கு ஆச்சரியம். எலியக்கா விளக்கினார்: ஒரு வாரமாக வலைக்குள் அடைந்து கிடந்தும் சாகவில்லை என்றால் உள்ளே தின்ன ஏதோ இருக்கிறது. தாகத்துக்கு ஏசியில் சொட்டும் ஈரம் இருந்திருக்கும். வண்டி நின்றதும் ஏசியும் நின்றது, அந்த ஈரமும் நின்றது. இப்போது அவனுக்கு வேண்டியது தண்ணீர்தான்.

"தின்ன என்ன இருக்கும், வண்டியில?" என்று கேட்டார் கணவர். கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அடுத்த நாள் பொறியில் ஆள் இருந்தான். பெரிய ஆள்கூட இல்லை, கைக்குள் அடங்குகிறவன். மூடியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. எலியக்கா பொறியின்மேல் துணியைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் காற்றாடி இருக்கும் பெட்டியைக் கழற்றினார். கூடு முழுசாக வந்தது. அதைத் தரையில் செய்தித்தாளில் வைத்து, ஒரு கம்பியால் மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினார். பிரிக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. ஆனால் எந்தக் கூட்டையும் அவர் பிரித்துப் பார்க்காமல் விட்டதில்லை. மருமகன் எங்கெங்கே போய்வந்தான் என்று அதில்தான் தெரியும் என்பார்.

சீட்டின் பஞ்சு. கைக்குட்டையின் ஓரம். ரஸ்க் பாக்கெட்டின் பளபளப்பான காகிதம். அப்புறம் வேர்க்கடலைத் தோல், தோல், தோல். நாள்பட்டு மக்கிய தோலும் இருந்தது, நேற்றைக்கு உரித்தது போன்ற தோலும் இருந்தது. எலியக்கா நிமிர்ந்து வண்டியின் பின் சீட்டைப் பார்த்தார். மூலையில் ஒரு சின்னத் தலையணை. அதில் ஒரு தலை அளவுக்குக் குழி. அதன்மேல் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு.

கணவர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையை மூடிய பிறகு வீட்டில்தான் இருக்கிறார். மேலே இரண்டு அறை வீடு. மாமியார், மச்சினன், அவன் மனைவி, அவர்கள் கைக்குழந்தை, எல்லோரும் அதில்தான்.

"எல்லாரும் நல்லவங்கதான்மா, ஒரு குறையும் சொல்ல மாட்டேன்" என்றார், கூட்டைப் பார்த்தபடியே. "ஆனா உட்கார ஒரு மூலை இல்ல. இங்க வந்து கதவைச் சாத்தினா ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. வண்டியை வித்துட்டா..." கையிலிருந்த கைக்குட்டையை மடித்தார். "அவகிட்ட நீங்க சொல்லித்தான் ஆகணும்னா சொல்லிடுங்க."

எலியக்கா ஒரு கடலைத் தோலைக் கம்பியால் நகர்த்தினார்.

"தின்னுங்கண்ணே. சிந்தாதீங்க."

எலியக்கா வயரைக் கட்டினார். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவர் கேட்காமலே கணவர் டார்ச்சைப் பிடித்தார். லேத்தில் இருந்த கை, ஆடாமல் பிடித்தது. சீட்டுகளைக் கழற்றி இருவருமாகக் கூட்டிப் பெருக்கினார்கள். அன்றிரவுக்கும் காகிதம் வைத்தார் எலியக்கா. இனி எத்தனை கை வந்து பிடித்தாலும் அந்த இரவை விடுவதாக இல்லை. காலையில் வந்து பார்த்தபோது காகிதம் வைத்தது வைத்தபடி இருந்தது. வலையை முடுக்கினார்.

நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக் கீழே வந்தார். சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி திருகினார். மறுபடியும் கிளம்பியது. தோள் கொஞ்சம் இறங்கியது.

"அது சரிக்கா, மொதல்ல உள்ள வந்தது எதுக்கு? அங்க என்ன இருக்கு அதுக்கு?"

கணவர் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தீனி வாசம் கொஞ்சம் இருந்துச்சும்மா. இனி இருக்காது."

சொல்லிவிட்டு எலியக்கா பைக்குள் கைவிட்டு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். வலையிலிருந்து எடுத்த செய்தித்தாளை நீவிப் பொட்டலமாக மடித்து, டப்பாவிலிருந்த திருகாணிகளையும் கிளிப்புகளையும் அதில் கொட்டினார். பித்தளை முனை ஒன்று தரையில் உருண்டதைத் தேடி எடுத்துப் போட்டார். டப்பாவைப் புடவைத் தலைப்பால் உள்ளே துடைத்தார். மூடினார். டப்பென்று சத்தம் வந்தது. ஜன்னல் வழியாக அதை நர்ஸிடம் நீட்டினார்.

"இது வண்டிச் சாமான்தான். உள்ளயே இருக்கட்டும்."

நர்ஸ் அதை வாங்கி, நகத்தைக் கொடுத்து, கஷ்டப்பட்டுத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. முகர்ந்து பார்த்தார். பிறகு பின் சீட்டிலிருந்த தலையணையைக் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். டப்பாவை மூடி, மறுபக்க ஜன்னலுக்கு வெளியே கைக்குட்டையோடு நின்ற கணவரிடம் நீட்டினார்.

"இரும்பு வாடை அடிக்குது. கழுவிட்டு வைங்க."